வீதியில் கிடக்கும் முதிரையும் கடனுக்கு வரும் செட்டியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. கல்யாண வயதில் பிள்ளை இருக்கும் பெற்றோரும், வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், இந்த வருடம் மாப்பிள்ளையாகப் போகும் தம்பிமாரும் கட்டாயம் வாசியுங்கள்.

அம்பாறைக் கரையோரத்தில் எந்த ஊர் வீதியில் நடந்தாலும் இப்போது இரண்டு விடயங்கள் பக்கத்துப் பக்கத்தில் நடப்பதைக் காணலாம். ஒரு வளவில் பழைய ஓட்டு வீட்டைக் கழற்றுகிறார்கள். பனங் கைமரம், முதிரைக் கதவு, வேம்பில் செய்த ஜன்னல் நிலை எல்லாம் குவியலாக வீதியோரம் கிடக்கின்றன. கொஞ்சம் விறகுக்குப் போகும். கொஞ்சம் மழையில் நனைந்து கறையானுக்குப் போகும். அடுத்த வளவில் லொறியில் இருந்து புது செட்டி, கண்ணாடி மேசை, மூன்று கதவு அலுமாரி இறங்குகின்றன. எல்லாம் மாதத் தவணைக்கு. அந்தக் கைமரம் நாற்பது ஐம்பது வருடம் கூரையைச் சுமந்தது. இந்த அலுமாரி தவணை முடியும் வரையாவது நிமிர்ந்து நிற்குமா என்பது சந்தேகம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம் வீட்டுக்கும் வளவுக்கும் தேவையான தளபாடத்தில் ஒரு பங்கையாவது, கையில் இருக்கும் பழைய மரத்தைக் கொண்டு நாமே செய்யலாம், திருத்தலாம். அப்படிச் செய்த சாமான் உள்ள வீட்டைக் குறைவாகப் பார்க்கும் பழக்கத்தை இந்த ஊர் விட வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். அது மாறாமல் முதலாவது நடக்காது.

ஏன் இதைக் கல்யாணத்தோடு சேர்த்துப் பேசுகிறேன்? நம் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பெற்றோர் கட்டிக் கொடுக்க வேண்டும். வாப்பா வெயிலில் நின்று உழைத்து, உம்மா வெளிநாடு போய், மூத்த காக்கா கட்டாரில் இருந்து அனுப்பி, எப்படியோ அத்திவாரம், சுவர், கூரை என்று ஏறிவிடும். அதோடு முடிந்தது என்று மூச்சு விடும்போதுதான் அடுத்த பட்டியல் வரும். ஹோலுக்கு ஒரு செட்டி, சாப்பாட்டு மேசை ஆறு கதிரையோடு, அறைக்குக் கட்டில், மெத்தை, அலுமாரி, கண்ணாடி மேசை. மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து கேட்பதில்லை. "உங்கட மகளுக்குத்தானே, நீங்க விரும்புறதச் செய்ங்க" என்பார்கள். அந்த ஒரு வசனத்தில் முழுப் பட்டியலும் அடங்கிவிடும்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம், எந்த வருடம் என்பதும் வேண்டாம். உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை. ராத்தாவின் கல்யாணம் முடிந்து சில மாதங்கள். "உம்மா இந்த லீவுக்கு வருவாவா மகள்?" என்று கேட்டேன். "செட்டிக் காசு கட்டி முடிஞ்சாத்தான் வருவாவாம் சேர்" என்றது பிள்ளை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். அந்த செட்டியில் யார் உட்காருகிறார்கள்? விருந்தாளி வந்தால் மட்டும் பொலிதீன் உறையை எடுப்போம். ஒரு தாய் தன் பிள்ளையின் பரீட்சையையும் பெருநாளையும் விட்டுக்கொடுத்து வாங்கிய சாமான், வருடத்தில் பத்து நாள் பாவனைக்கு.

தவணைக்கு எடுப்பதெல்லாம் வட்டி என்று நான் பத்வா சொல்லவில்லை. அது உலமாக்களின் வேலை. ஆனால் தளபாடத்துக்காக நகையை அடகு வைப்பதும், வாராவாரம் கதவைத் தட்டும் நுண்கடன் எடுப்பதும் நம் வீடுகளில் நடப்பவை. கண்ணை மூடிக்கொண்டு பேச முடியாது. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், மனைவிக்குத் தங்குமிடமும் விரிப்பும் சமையல் பாத்திரமும் கொடுப்பது கணவனின் கடமை. அதைத் தலைகீழாக்கி வைத்திருப்பது நாம்தான்.

சரி, இவ்வளவு கடன்பட்டு வாங்குவது என்ன? வெளியில் பளபளப்பாகத் தெரியும் அலுமாரிகளில் பல, மரத்தூளையும் மரச்சீவலையும் பசையோடு அழுத்திய பலகை. மேலே ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். ஓரம் உடைந்து ஈரம் உள்ளே போனால் பாண் ஊறுவது போல ஊதிவிடும். ஊதியது பிறகு சுருங்காது. பிணைச்சல் ஆணி ஒரு தடவை கழன்றால் அந்த ஓட்டையில் திரும்பவும் பிடிக்காது. ஓடாவியிடம் கொண்டுபோனால், "இதுல ஒண்டும் செய்யேலா தம்பி" என்று திருப்பி அனுப்புவார். 2024 நவம்பர் வெள்ளம் நம் மாவட்டத்தில் வீடுகளுக்குள் வந்து போனதே, தண்ணீர் வடிந்த பிறகு வாசலில் தூக்கி வைத்த சாமான்களை நினைத்துப் பாருங்கள். தேக்கில், முதிரையில் செய்த பழைய கட்டிலைக் கழுவிக் காயவைத்துத் திரும்ப உள்ளே எடுத்தோம். அழுத்திய பலகை அலுமாரியைக் குப்பைக்குக் கொடுத்தோம்.

அடுத்த பக்கம், நாம் எறிவது என்ன என்று பாருங்கள். இலங்கையில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்திய காலத்தில் காட்டில் இருந்து வந்த முதிரையும் பாலையும்தான் நம் பழைய வீடுகளின் கதவாகவும் நிலையாகவும் நிற்கின்றன. அந்தத் தரத்தில் முற்றிய மரத்தை இன்று ஹார்ட்வெயார் கடையில் போய்க் கேட்டு வாங்க முடியாது. வளவில் நிற்கும் மரத்தை வெட்டலாம் என்றாலும் எல்லா மரத்தையும் நினைத்தபடி வெட்ட முடியாது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1951இல் இருந்து இருக்கிறது. ஆக, வீதியோரம் கிடக்கும் அந்தக் கதவு குப்பை இல்லை. நாற்பது வருடம் காய்ந்து, வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடிந்த மரம். புது மரம் வாங்கினால் காய்வதற்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இனி, என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன். படம் பார்த்து ஆசைப்படும் அலங்காரம் எதுவும் இல்லை. ஒரு சனி ஞாயிறில் முடியக்கூடிய வேலைகள்.

வளவு வாங்கு: நமது கைமரத்தில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். நான்கு அடி நீளம், தரையில் இருந்து 17 அங்குல உயரம், 15 அங்குல அகலம். பெரியவர்கள் உட்கார்ந்து எழும்ப இந்த உயரம் இலகு. மேல் பலகைகளுக்கு இடையில் கால் அங்குலம் இடைவெளி விடுங்கள், மழைத் தண்ணீர் தேங்காது. கால்களை மண்ணில் ஊன்ற வேண்டாம். உடைந்த தரை ஓட்டுத் துண்டின் மேல் வையுங்கள். கறையான் மண்ணில் இருந்துதான் ஏறும். பனை மரத்தில் வேலை செய்யும்போது கையுறை போடுங்கள். அதன் சிராய் ஊசி மாதிரி இறங்கும். தென்னை என்றால் தண்டின் வெளிப்பக்கத்துப் பலகையைத்தான் எடுக்க வேண்டும். நடுப்பகுதி மென்மை, பாரம் தாங்காது.

படிப்பு மேசை: பழைய கதவை இரண்டாக அறுத்தால் இரண்டு பிள்ளைக்கு மேசை. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு மேசை 23 அங்குலம், கதிரை 14 அங்குலம் போதும். பெரிய பிள்ளைக்கு மேசை 29 அங்குலம், கதிரை 17. இதை ஆசிரியனாகக் கேட்டுக்கொள்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் சாப்பாட்டு மேசையில் நாடி முட்ட உட்கார்ந்து எழுதுகிறார்கள், அல்லது கட்டிலில் குப்புறக் கிடந்து எழுதுகிறார்கள். அளவான ஒரு மேசை, எந்த டியூஷனையும் விட மலிவு.

பழைய செட்டி: மெத்தை கிழிந்துவிட்டது என்று செட்டியை எறியாதீர்கள். உறையைக் கழற்றிச் சட்டத்தைப் பாருங்கள். தேக்கோ மஹோகனியோ என்றால், ஆடும் மூட்டுகளைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டால் இன்னும் இருபது வருடம் நிற்கும். உறைக்கு எங்கும் போக வேண்டாம். மருதமுனைக் கைத்தறித் துணி பக்கத்திலேயே இருக்கிறது. நம் தாய்மார் பின்னும் பன்பாயும் இருக்கிறது.

சாமான் இறக்கும் மரத் தட்டு: கடைகளுக்குச் சரக்கு வரும் பெலட்டைத்தான் சொல்கிறேன். சும்மா கிடைக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். பக்கவாட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சூடாக்கிப் பூச்சி கொன்ற மரம், எடுக்கலாம். 'எம்.பி' என்று இருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சு வாயு அடித்த மரம், விட்டுவிடுங்கள். எண்ணெய், உரம், மருந்து ஊறிய கறை இருந்தாலும் வேண்டாம். பலகையை நெம்பிக் கழற்றினால் வெடிக்கும். இடையில் இரும்பறுக்கும் வாளை விட்டு ஆணியை அறுப்பது நல்லது.

டயர்க் கதிரை: இதைப் பலர் ஆசையாகச் செய்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டயருக்குள் தேங்கும் தண்ணீர் டெங்கு நுளம்பின் வீடு. கீழ்ப்பக்கம் நான்கைந்து ஓட்டை போட்டு, உள்ளே மண் நிரப்பி, மேலே பலகை மூடாமல் வைத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்கு எழுதும்போது என்னிடம் வரக்கூடாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், சுரண்டியதை எரிக்காதீர்கள். அடுத்தது, கடற்கரைப் பக்கம் சாதாரண இரும்பு ஆணி உப்புக் காற்றில் துருப்பிடித்து மரத்தையும் கறுப்பாக்கும். நாகம் பூசிய ஆணியோ துருப்பிடிக்காத ஸ்க்ரூ ஆணியோ வாங்குங்கள். பழைய காய்ந்த மரத்தில் நேரே அடித்தால் வெடிக்கும். முதலில் மெல்லிய ஓட்டை போட்டு அதில் இறக்குங்கள். மரத்தை வேறு ஊருக்கு வாகனத்தில் ஏற்றுவதென்றால் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். வழியில் நிறுத்திக் கேட்கும்போது பழைய மரம் என்று வாயால் சொன்னால் போதாது.

"அப்ப ஓடாவிமாரின் வயிற்றில் அடிக்கிறீங்களா சேர்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஓடாவியின் வேலையை எடுத்தது யார் என்று பாருங்கள். தொழிற்சாலையில் அடித்துப் பெட்டியில் வரும் சாமான் எடுத்தது. அது வந்த பிறகு நம் ஓடாவிமார் கட்டிடத்துக்குப் பலகை அடிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள், அல்லது ஓட்டோ ஓட்டுகிறார்கள். பழைய மரத்தை வெளியே எடுத்தால் அவர்களுக்குத்தான் வேலை. நேரான அறுவை, மூட்டு, இழைப்பு எல்லாம் அவர்களிடம் கொடுங்கள். தேய்ப்பது, பூசுவது, பூட்டுவது நாம் செய்வோம். கடைக்கும் நிதி நிறுவனத்துக்கும் போகும் காசில் ஒரு பகுதி நம் வீதியிலேயே சுற்றும்.

"நேரம் இல்லை" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. நேற்றிரவு எத்தனை மணி வரை போனில் இருந்தோம் என்பது அவரவருக்குத் தெரியும்.

"ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" இதுதான் உண்மையான தடை. மற்றதெல்லாம் சாட்டு. ஆகவே இதைக் கொஞ்சம் பேசுவோம். நபி ஸகரிய்யா அலைஹிஸ்ஸலாம் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. நபி நூஹ் அலைஹிஸ்ஸலாம் தன் கையால் மரக்கலம் கட்டியவர்கள். நம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தன் செருப்பைத் தானே தைத்தார்கள், கிழிந்த உடுப்பைத் தானே ஒட்டுப்போட்டார்கள். மதீனாவின் முதல் மிம்பர், பக்கத்துக் காட்டு மரத்தில் ஓர் அன்சாரிப் பெண்ணின் பணியாளான தச்சர் செய்தது. மூன்று படி. அதில் நின்றுதான் உலகத்துக்கே சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். இதையெல்லாம் ஜும்ஆவில் கேட்டு ஸுப்ஹானல்லாஹ் சொல்லிவிட்டு, வெளியே வந்து "அவங்கட வீட்டு மேசை பழைய கதவுல செஞ்சதாம்" என்று சிரித்தால், நாம் கேட்டது காதுக்கு மட்டும்தான் போயிருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடசாலையில் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. பெற்றோரில் பலர் அதைப் பாடமாகவே எண்ணுவதில்லை. "அதுல ஏன் சேர் நேரத்த வீணாக்குறீங்க, கணிதம் எடுங்க" என்று சொன்னவர்களும் உண்டு. அரை அங்குலத்தையும் கால் அங்குலத்தையும் கூட்டத் தெரியாமல் கொப்பியில் பின்னக் கணக்குப் போடும் பிள்ளைக்கு ஓர் அளவுகோலையும் பலகையையும் கொடுத்துப் பாருங்கள். ஒரு தடவை பலகை குறைந்து போனால் போதும், பின்னம் வாழ்நாளுக்கும் மறக்காது. மூலைவிட்டம் இரண்டும் ஒரே அளவு என்றால் சட்டத்தின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன என்பதை நான் கரும்பலகையில் பத்துத் தடவை சொல்வதை விட, ஆடாத ஒரு மேசை ஒரே தடவையில் சொல்லிவிடும். உயர்தரத்தில் பெறுபேறு குறைந்த பிள்ளைக்கு இது ஒரு வழியும்தான். தொழிற்பயிற்சி அதிகார சபையில் மரவேலை படித்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அந்தச் சான்றிதழ் வெளிநாட்டுக்கும் உதவும். பெண் பிள்ளைகளை இதில் இருந்து ஒதுக்காதீர்கள். தேய்த்துப் பூசி, மெத்தை தைக்கும் வேலையில் அவர்கள் கை சுத்தம்.

பேசிவிட்டுப் போவதில் பயன் இல்லை. மூன்று விடயம் கேட்கிறேன்.

ஒன்று, மாப்பிள்ளைமாருக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும். "நீங்க விரும்புறதச் செய்ங்க" என்ற வசனத்தை நிறுத்துங்கள். "கட்டிலும் அலுமாரியும் என் பொறுப்பு, மற்றது மெல்ல மெல்லச் சேர்ப்போம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தக் கட்டிலை ஓடாவியோடு கூட நின்று செய்யுங்கள். தான் படுக்கும் கட்டிலுக்கு உப்புத்தாள் பிடித்த கை ஒருநாளும் குறைந்து போகாது.

இரண்டு, பள்ளிவாசல் நிருவாகத்தினருக்கு. ஜனாஸாச் சாமான் வைத்திருப்பது போல ஒரு கருவிப் பெட்டியும் வைத்தால் என்ன? வாள், சீவுளி, உளி, ட்ரில் மெஷின், இரண்டு இறுக்கி. பதிவுப் புத்தகத்தில் எழுதி எடுத்து, வேலை முடியத் திருப்பிக் கொடுப்பது. வீடு உடைப்பவர்கள் நல்ல மரத்தை வீதியில் போடாமல் அங்கே அறிவித்தால் தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார். தளபாடம் இல்லாமல் மகளைக் கட்டிக் கொடுக்கப் பயந்து நிற்கும் ஒரு வாப்பாவுக்கு, இதை விட மானத்தோடு கொடுக்கும் உதவி எனக்குத் தெரியவில்லை.

மூன்று, பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கு. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு மூலையில் கால் உடைந்த மேசையும் கதிரையும் குவிந்து கிடக்கும். பலவற்றுக்கு இரண்டு ஸ்க்ரூ ஆணியும் ஒரு பலகையும்தான் குறை. அது அரச சொத்து, அதிபரின் அனுமதியோடும் கணக்கோடும்தான் தொட வேண்டும். அனுமதி எடுத்து, ஒரு சனிக்கிழமை சிரமதானத்தில் ஊர் ஓடாவிமாரையும் பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார்ந்தால், எத்தனை பிள்ளை நிலத்தில் இருந்து கதிரைக்கு ஏறும் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வளவில் என்ன மரம் கிடக்கிறது, அதில் என்ன செய்யலாம் என்று கேட்டு கீழே எழுதுங்கள். படமும் போடுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை நம்மூர் ஓடாவிமாரிடம் கேட்டுச் சொல்கிறேன். யாருடைய வளவிலாவது முதிரைக் கதவு ஒன்று விறகுக்குக் காத்திருந்தால், கோடரியை எடுக்க முதல் ஒரு தகவல் போடுங்கள்.

அந்த உம்மாக்கள் எல்லோரும் பெருநாளைக்குப் பிள்ளைகளோடு இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. ஆமீன்.